மேல்வரிசை, இடப்பக்கம், மூன்றாவது

முகமூடி வாங்குகிறவர்கள்
முகத்தைப் பார்ப்பதில்லை.
திருப்பிப் பார்ப்போம்.
நெற்றி உரசி உரசி மெழுகேறிய கறுப்பு,
மூச்சுப் பட்டு வெளிறிய உதட்டோரம்,
வார் இழுத்து நீண்டுபோன துளை.
இவை இல்லையென்றால்
அது சுவருக்காகச் செய்தது.
சாணத்தில் புதைத்து, புகையில் தொங்கவிட்டு,
ஷூ பாலிஷ் போட்டுக் கிழடாக்கிய
இளசுகள் இரண்டு என்னிடமும் உண்டு.
கழிப்பறையில் மாட்டியிருக்கிறேன்.

பாசெல் நகரில் முப்பத்தொரு வருடம்
பல் மருத்துவம் பார்த்தவள் நான்.
லோட்சென்டால் பள்ளத்தாக்கின் முகங்களிடம்
நான் போய்ச் சேர்ந்ததே பல்லால்தான்.
பைன் மரத்தைக் குடைந்து, கருக்கி,
வாயைக் கோணலாக வெட்டி
அதற்குள் நிஜப் பசுவின் பற்கள்.
பசுவுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது.
செதுக்கியவர்களுக்கு அது தெரியும்,
தினம் இருவேளை கறந்தவர்கள்.
தெரிந்தே மேலேயும் பதித்தார்கள்.

பதினேழாவது முகம் பெர்ன் ஏலத்தில் கிடைத்தது.
'ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூற்று எண்பது' என்றது சீட்டு.
வீட்டுக்கு வந்ததும்
காம்பு வைத்த என் சின்னக் கண்ணாடியை
அதன் வாய்க்குள் விட்டு
பழக்கதோஷத்தில் எண்ணினேன்.
மேல்வரிசை, இடப்பக்கம், மூன்றாவது
பசு இல்லை.

மனிதக் கோரைப்பல். இளம் ஆண்.
பக்கவாட்டில் ஓர் அடைப்பு,
அவசரத்தில் அப்பிய பாதரசக் கலவை.
ராணுவ முகாமில் போட்டது,
சத்தியம் செய்வேன்.

பள்ளத்தாக்கின் பேக்கரிக்குப் படம் அனுப்பினேன்,
ரொட்டி வாங்க எல்லோரும் வருவார்களே என்று.
மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி.
"அது என்னுடையது."
முகமூடியா?
"பல்."

தியோஃபில் எபெனர், எழுபத்தொன்பது வயது,
இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை.
வாயைத் திறக்கச் சொன்னேன்.
என் வரவேற்பறையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு,
திறந்தார்.
சரியாக அந்த இடத்தில்
ஈறு மூடிக் கிடந்தது.

அறுபத்தேழு, நோன்புக்கு முந்தைய செவ்வாய்.
பால் பண்ணைக்குப் பின்னால் இருட்டுச் சந்து.
ஆட்டுத்தோலும் இந்த முகமுமாய் அண்ணன் அம்ப்ரோஸ்
தம்பியென்று தெரியாமல் முட்டினான்.
மரத்தில் ஒன்று போனது, வாயில் ஒன்று போனது.
"விடிந்ததும் பனியைக் கிளறினோம்.
ஒரு பல்தான் கிடைத்தது.
எந்த வாய்க்கு அதிக அவசியம் என்று யோசித்தோம்.
எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை,
இருந்தும் இதற்கே வைத்தோம்."

திருப்பிக் கேட்க வரவில்லை என்றார்.
ஒருமுறை போட்டுக்கொள்ளலாமா?

என் அலமாரியில் ஐம்பது சதவீத ஈரப்பதம்,
கையுறை இல்லாமல் நானே தொடமாட்டேன்.
பதினேழில் ஒன்றையும்
என் முகத்தில் வைத்ததில்லை.
சரி என்று யார் சொன்னது,
என் குரல்தான்.

ஸ்வெட்டருக்கு மேல் அந்தத் தலை
கொஞ்சம் அபத்தமாகத்தான் இருந்தது.
பிறகு அவர் முனகினார்.
தொழுவத்தின் அடித்தொண்டை.
நாற்காலியை விட்டு நான் எழுந்ததை
எழுந்த பிறகுதான் அறிந்தேன்.
கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

கீழிருந்து காய்கறிப் பையோடு
திருமதி இசெலின்.
அலறல். வெங்காயங்கள்
இரண்டு மாடி உருண்டன.

முகமூடியைக் கழற்றாமலே குனிந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து
அவள் கையில் வைத்தார்.
"நன்றி" என்றாள் அவள்,
வங்கி மேலாளரிடம் சொல்வதுபோல,
அந்தக் கோணல் வாயைப் பார்த்து.

ஆறு மணி ரயிலுக்குப் போய்விட்டார்.
முகத்துக்கான அட்டையை எடுத்தேன்.
'கடைசியாக அணியப்பட்டது' என்ற கட்டத்தில்
எல்லாவற்றுக்கும் 'தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறேன்.
அழித்துவிட்டு எழுதினேன்:
இன்று, நாலரை மணி, மாடிப்படி.

வியர்வையை உடனே ஒற்றி எடுக்க வேண்டும்,
மரம் வெடிக்கும்.
பஞ்சோடு திருப்பினேன்.
நெற்றிப் பக்கம்
இன்னும் சூடு.